நட்சத்திரக் குறி எதை மறைக்கிறது?

மதிப்பெண் கோப்பைத் திறக்க விபிஸ்கிரிப்டில் பத்து வரியில் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன். கடவுச்சொல் கேட்கும், சரியாகச் சொன்னால் கோப்பு திறக்கும். ஒருநாள் புரொஜெக்டர் இணைப்பில் இருப்பதை மறந்துவிட்டேன். நான் தட்டத் தட்ட ஒவ்வோர் எழுத்தும் சுவரில் பெரிதாக விழுந்தது. "சார், உங்க பொண்ணு பேருதானே?" என்றான் கடைசி பெஞ்சு மாணவன். வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்!

விபிஸ்கிரிப்டின் இன்புட்பாக்ஸில் எழுத்தை மறைக்க வழியே கிடையாது. அன்றிரவே பைத்தானுக்கு மாறினேன். அதிலுள்ள டிகிண்டரில் 'ஆஸ்க்ஸ்ட்ரிங்' என்ற பெட்டி இருக்கிறது. அதில் 'ஷோ' என்ற இடத்தில் நட்சத்திரக் குறியைக் கொடுத்தால், எதைத் தட்டினாலும் நட்சத்திரம்தான் தெரியும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஜெனிட்டியில் ஒரே வரியில் இதைச் செய்யலாம்.

பெருமையோடு ஒரு மாணவியிடம் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் நிரல் கோப்பை நோட்பேடில் திறந்தாள். நான்காவது வரியில் என் புதிய கடவுச்சொல் அப்படியே இருந்தது. நட்சத்திரம் பக்கத்தில் நிற்பவர் கண்ணைத்தான் மறைக்கிறது, கோப்பைப் பூட்டுவதில்லை.

இப்போது நிரலையே தூக்கிவிட்டேன். கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி எக்செலிலேயே இருக்கிறது. அது கேட்கும் பெட்டியும் தானாகவே எழுத்தை மறைத்துக்கொள்கிறது. இதை முதலிலேயே பார்த்திருக்கலாம். மின்னஞ்சலுக்கு வேறு சொல் வைத்தாயிற்று. தன் பெயரை எடுத்துவிட்டதில் மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்.