யார் அழலாம்?



நினைவுச் சொற்பொழிவு என்று பெயர் வைத்துத் திருநின்றவூரில் கூடியிருக்கிறோம். இறந்தவரை நினைத்து ஊரறியக் கூடுவது ஓர் உரிமை. அது கிடைக்காதவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

2017 செப்டம்பரில் கெய்ரோவில் மஷ்ரூ லைலா என்ற லெபனான் இசைக்குழு பாடியது. கூட்டத்தில் சாரா ஹெகாஸி என்ற எகிப்தியப் பெண் வானவில் கொடியை உயர்த்தினார். தன்பாலீர்ப்பாளர், இடதுசாரி. கைது, சிறை, சித்திரவதை; பிறகு கனடாவில் தஞ்சம். அவர் அங்கே இருக்கும்போது தாய் இறந்தார். மகளால் ஊர் திரும்ப முடியவில்லை. 2020 ஜூனில் டொராண்டோவில் சாரா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போதும் விடவில்லை. அவருக்காக இறைவனிடம் கருணை வேண்டலாமா கூடாதா என்று அரபு மொழிச் சமூக ஊடகங்களில் சண்டை நடந்தது.

அரபு நாடு அப்படித்தான் என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 377ஆம் பிரிவு தன்பாலுறவைக் குற்றமாக்கி 2018 செப்டம்பர் வரை இங்கேயும் இருந்தது. செத்தவருக்கு மரியாதை உண்டா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைச் சாதி தலைமுறைகளாகச் செய்துவருகிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் சுடுகாட்டுக்கு வழி விடாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ஊரார் சாவுக்கெல்லாம் பறையடிக்க வைக்கப்பட்டவர்களின் சாவுக்கு வழி கிடையாது.

இதை மேடைதோறும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் நம் சேரிக்குள் என்ன நடக்கிறது? வீட்டைவிட்டுத் துரத்திய திருநங்கை இறந்தால் குடும்பம் வந்து உடலை வாங்குகிறது. முடியை வெட்டி, வேட்டி கட்டி, கண்ணீர் அஞ்சலி பேனரில் அவர் விட்டொழித்த பழைய பெயரைப் போடுகிறது. கூட வாழ்ந்தவர்கள் தெருமுனையில் நிற்கிறார்கள். வழி மறிப்பது இங்கே நாம்தான்.

‘நான் வித்யா’ 2007இல் வந்தது. அதை எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா தலித், திருநங்கை, நாடகக் கலைஞர். பெயரைச் சான்றிதழ்களில் மாற்றவே போராடியவர். இன்று சுவிட்சர்லாந்தில் வாழ்கிறார். தஞ்சம் தேடிப் போகிற யாருக்கும் ஊர்ச் சாவு தொலைபேசியில்தான் வரும். பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியதாகப் பெருமை பேசுகிற ஊர் இது. தூர தேசத்தில் இருப்பவர் மனத்துக்குள்ளேயே சாவு வீட்டையும் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகத்துக்குப் போகும் பத்திரிகைகளுக்கு அழகிப் போட்டிப் படம்தான் வேண்டும். மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலையில் அழுகிறவர்களைக் கேளுங்கள். அந்த ஒப்பாரி அரவானுக்கு மட்டுமா? முகம் பார்க்க விடாத அம்மாவுக்கும், பெயர் மாறிப் புதைந்த தோழிக்கும் சேர்த்துத்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். வேறெங்கே அவர்களை வாய்விட்டு அழவிட்டோம்?

தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிணவறை வாசலில் இன்னமும் ரத்த உறவைத்தான் தேடுகிறார்கள். அது மாறச் சட்டப் போராட்டம் வேண்டும், நாளாகும். பேனருக்கு நாளாகாது. நம் தெருவில் அப்படி ஒரு சாவு விழுந்தால், அச்சடிக்கும் கடைக்குப் போகுமுன் அவரோடு வாழ்ந்தவர்களிடம் பெயரைக் கேளுங்கள். முதல் மாலையை அவர்கள் போடட்டும்.