பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகள்: எவற்றைக் காப்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சிலம்பையும் சித்தர் பாடல்களையும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு எங்கள் தலைப்புச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டும் எங்களுக்கு இலக்கியம் பேசும் தகுதி இல்லை. தெரிந்ததைத்தான் பேச இயலும். ஆகவே பேசச் சொல்லிக் கேட்ட செயலாளர் அவர்களே இதற்கும் பொறுப்பு.

நாங்கள் என்று சொல்வது நால்வரை. பெங்களூர் இரயில்வே குடியிருப்பு ஒன்றில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தோம். ஐவராக இருந்தோம், 2021-ஆம் ஆண்டின் கொடிய கோடையில் ஒருவரை இழந்தோம். சிறுவராக இருந்தபோது தொடங்கி இன்றுவரை ஐவரும் கூடிச் சேர்த்தவை 19 வீடியோ விளையாட்டுக் கருவிகள். அவை எங்களுள் ஒருவருடைய குவார்ட்டர்ஸின் முன்னறையில் இருந்தன. சென்ற ஆண்டு அவருக்கு ஹூப்ளிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மற்ற மூவரும் வாடகை வீட்டுக்காரர்கள். இடம் என்று எஞ்சியது ஒரு வீட்டின் பரண் மட்டுமே. பரணில் எத்தனை கொள்ளும்? நான்கு. மிஞ்சினால் ஐந்து. எவற்றை வைப்பது, எவற்றை விடுவது என்பதில் பல்லாண்டு நட்பே ஒரு மாதம் ஆட்டங் கண்டது என்றால் மிகையன்று.

பெரியோர்களுக்காக ஒரு சொல். இக்கருவி தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுவது. கடையில் வீடியோ கேம் என்பார்கள். எங்கள் குடியிருப்பில் டி.வி. கேம். அதில் செருகும் ஆட்டப் பெட்டிக்குக் கேசட் என்று பெயர். பாட்டுக் கேசட்டுக்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை. ஆயினும் பெயர் நின்றுவிட்டது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-இல் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம், 1983-இல் பேமிகாம் என்னும் கருவியை வெளியிட்டது. அதனையே உருமாற்றி 1985-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. நம் நாட்டிலோ அயல்நாட்டுப் பொருள்களுக்குக் கடுங்கட்டுப்பாடு நிலவிய காலம் அது. ஆதலின் உறுப்புகளைத் தருவித்து, உரிமம் பெற்று, இங்கேயே பூட்டிச் சாமுராய் என்ற பெயரில் விற்றார்கள். அதன் அடியொற்றி நகல்கள் பல வந்தன. அவற்றுள் நம் பிள்ளைகள் நன்கறிந்தது லிட்டில் மாஸ்டர். அதனோடு கிடைத்த கேசட்டின் மேல் 9999999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை நாலைந்தே. அவையே பெயர் மாறி மாறி வரும். அரசாங்கப் புள்ளிவிவரங்களோடு பழகிய குடும்பத்துப் பிள்ளைகளாதலின் நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்த ஒரு கருவியின் முன் தமிழ்ப் பிள்ளை, கன்னடப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை, உருது பேசும் பிள்ளை எல்லோரும் தரையில் அமர்ந்தோம். கான்ட்ரா என்ற ஆட்டத்தை இருவர் சேர்ந்து ஆடலாம். மேலே ஏறும் கட்டத்தில் ஒருவர் முந்தி ஏறினால் மற்றவர் மடிவார். "நில்லு", "பேடா", "ருக்கோ" என்று மூன்று மொழியிலும் கூவுவோம். எங்களுக்குக் கன்னடம் வாய்த்தது பள்ளியில் பாதி, அந்தத் தரையில் பாதி.

இனித் தேர்வுக்கு வருவோம்.

விலை மிக்கதை வைப்போம், மலிந்ததை விடுவோம் என்றார் எங்களுள் ஒருவர். கேட்க நியாயமாகவே இருந்தது. எங்களிடம் இருந்தவற்றுள் மதிப்பு மிக்கது சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ். ஜப்பானில் 1988-இல் வெளிவந்தது. அந்நாளில் இறக்குமதித் தீர்வை நூற்றுக்கு 80. அதனைத் தவிர்க்க 1995-இல் ஷா வாலஸ் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு நம் நாட்டில் விற்றார்கள். அப்படியும் ஒன்றின் விலை 18,000 ரூபாய். எங்கள் தந்தையர் அத்தொகையை ஒருசேரக் கண்டது சேமநிதியில் முன்பணம் எடுத்தபோதுதான். நாங்கள் அதனை வாங்கியது பல ஆண்டு கழித்து, பி.வி.கே. ஐயங்கார் சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய மிக்சிகளுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவில்.

அக்கருவியை விடுவதென்று முடிவு செய்தபோது விலை பேசிய நண்பர் இரண்டு நாள் எங்களோடு தேநீர் அருந்தவில்லை. ஆயினும் எங்கள் காரணத்தைக் கேளுங்கள். மெகா டிரைவ் உலகெங்கும் மூன்று கோடி அளவில் விற்ற பொருள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதனைப் பேணுவோர் பல்லாயிரவர். அதன் ஆட்டங்களை அந்நிறுவனமே புதிய வடிவில் மீண்டும் மீண்டும் விற்றுவருகிறது. நாங்கள் கைவிட்டால் அது அநாதை ஆகாது. லிட்டில் மாஸ்டரின் நிலை அப்படியா? அது நகல். ஜப்பானியர் அதனைத் தம்முடையது என்று சொல்ல மாட்டார். அமெரிக்கர் அதன் பெயரையே கேட்டிரார். சந்தையில் அதற்குச் சில நூறு ரூபாய் கிடைத்தால் பெரிது. ஆனால் இந்நாட்டு நடுத்தர வீட்டுப் பிள்ளை முதன்முதலில் தொட்ட கருவி அது. நாம் வைக்காவிட்டால் வேறு யார் வைப்பார்?

வைத்துக்கொள்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. கருவி தனியாள் அன்று. அதற்கொரு குடும்பம் உண்டு. வாத்துச் சுடும் ஆட்டத்தை நினைவிருக்கும். பிளாஸ்டிக் துப்பாக்கியால் திரையைக் குறி பார்த்துச் சுடுவோம். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளிப்படுவதில்லை; திரையிலிருந்து வரும் ஒளியை உள்வாங்குவதே அதன் வேலை. விசையை அழுத்திய கணத்தில் திரை முழுதும் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்மையாகும். அந்த வெண்மை துப்பாக்கியின் கண்ணில் பட்டால் வாத்து விழும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி அந்த ஒளியைக் காலம் தவறாமல் தந்தது. இன்றைய தட்டைத் திரை நொடியின் சிறு பங்கு தாமதிக்கிறது. துப்பாக்கி ஏமாந்து போகிறது. ஆகவே துப்பாக்கி வேண்டுமென்றால் 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டியும் வேண்டும். பரணில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். அதை ஏற்றினால் வேறு மூன்று கருவிகளை இறக்க வேண்டும். ஏற்றினோம். ஆட முடியாத துப்பாக்கி வெறும் பிளாஸ்டிக் அன்றோ?

எங்கள் துறையில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. மைசூரில் 1979 முதல் இரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்கள் வண்ணம் பூசி நிற்கின்றன. பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள், நல்லதே. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் நீராவி எஞ்சினைப் பார்த்தவர் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிவார். ஒன்று நினைவு, மற்றொன்று உயிர். உயிரோடு வைத்திருக்க உதிரிப்பாகம் வேண்டும், கை தேர்ந்த ஆள் வேண்டும். ஆதலின் லிட்டில் மாஸ்டர் இரண்டை வைத்தோம்: ஒன்று ஆட, மற்றொன்று அதற்கு உறுப்பு ஈய. ஒரே பொருள் இரண்டு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பணிமனையில் வேலை செய்பவர் எவரும் கேட்கமாட்டார்.

பழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கருவிகள் சும்மா வைத்திருந்தாலும் கெடுபவை. உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலரும், சில கசிந்து பலகையை அரிக்கும். ஆட்டத்தை நினைவில் வைத்திருக்கும் கேசட்டுகளுள் பொத்தான் வடிவச் சிறு பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் சேமித்த ஆட்டம் போயிற்று. வட்டுக் கருவிகளில் முதலில் தளர்வது லேசர்க் கண். ஆகவே "இன்று ஓடுகிறதா?" என்பதை மட்டும் வைத்துத் தேர்வு செய்வது அறியாமை. "ஓடாவிட்டால் நம்மால் ஓட்ட முடியுமா?" என்பதே கேட்கத்தக்க கேள்வி. இரண்டு ரூபாய்ப் பாகத்தைப் பற்றவைத்தால் எழுந்து நிற்கும் கருவியும் உண்டு, எஸ்.பி. ரோடு முழுதும் அலைந்தாலும் பாகம் கிடைக்காத கருவியும் உண்டு. பின்னதாக எங்களிடம் மூன்று இருந்தன. அவற்றை இரும்புக்காரரிடம் எடைக்குப் போட மனம் வரவில்லை. பலகையை எரித்துச் செம்பெடுக்கும் கொடுமையை இந்நகரின் சந்துகளில் பார்த்திருக்கிறோம். முறையான மின்கழிவு நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டோம். கோப்புக்காரர்களுக்குச் சீட்டு முக்கியம்.

செய்தவர்களே தம் பொருளை மதிக்காத கதையும் உண்டு. அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 1983-இல் விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் கொட்டி மூடியது. 2014-இல் அதே இடத்தைத் தோண்டி, 1300 அளவிலான கேசட்டுகளை வெளியே எடுத்தார்கள். அவற்றுள் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான வீடியோ விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இப்போது முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் அமைப்பினர் 2023-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அத்தனை செல்வமும் ஆர்வலரும் உள்ள நாட்டில் அந்நிலை என்றால் நம் நாட்டு நகல்களின் கதியை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

மிகவும் தயங்கியது ஒன்றில். மறைந்த நண்பருடைய பிளே ஸ்டேஷன் 2. உலகில் 15 கோடிக்கு மேல் விற்ற கருவி அது; அரிதென்று சொல்ல ஏதும் இல்லை. லேசர்க் கண் மங்கி வட்டைப் படிக்க மறுத்தது. எங்கள் அளவுகோல் எதை வைத்துப் பார்த்தாலும் அது விடத்தக்கது. ஆனால் அதன் முகப்பில் செருகியிருந்த 8 எம்.பி. மெமரி கார்டில், கிரிக்கெட் 07 ஆட்டத்தில் அவர் பாதியில் நிறுத்திய போட்டித் தொடர் ஒன்று இருந்தது. கார்டை மட்டும் எடுத்து வைப்போம் என்றார் ஒருவர். கருவி இல்லாத கார்டு ஊமை அன்றோ? புதிய லேசர்க் கண் வாங்கிப் பொருத்தினோம். தொடர் திறந்தது, அடுத்த ஆட்டம் பாகிஸ்தானோடு. நாங்கள் ஆடவில்லை. கருவி, வட்டு, கார்டு, இரண்டு ஜாய்ஸ்டிக் அனைத்தையும் துடைத்துக் கட்டி அவர் மகனிடம் கொண்டு கொடுத்தோம். தம்பிக்கு இப்போது பதினைந்து வயது. அண்ணியார் கதவருகே நின்று, "பரீட்சை முடியட்டும்" என்று மட்டும் சொன்னார்கள்.

பரணில் ஏறியவை நான்கு: லிட்டில் மாஸ்டர் இரண்டு, சாமுராய் ஒன்று, உள்ளங்கை அளவுள்ள பிரிக் கேம் ஒன்று. துப்பாக்கியும் படக்குழாய்ப் பெட்டியும் கணக்கில் சேரா. பிரிக் கேம் என்பது மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டம். பென்சில் பேட்டரி போட்டால் ஓடும், தொலைக்காட்சி வேண்டா. அதற்கு இடம் கிடைத்த காரணம் வேறு: எங்கள் அன்னையர் ஆடிய ஒரே கருவி அதுதான். பகல் இரண்டு மணிக்குமேல் அது பிள்ளைகள் கைக்கு வந்ததில்லை.

எட்டுக் கருவிகளை விற்றோம்; மெகா டிரைவும் அவற்றுள் அடங்கும். வந்த பணத்தில் லேசர்க் கண் செலவு போக மீந்ததை நால்வரும் பகிர்ந்துகொண்டோம். விலை பேசிய நண்பர் தம் பங்கை மறுக்கவில்லை.

இன்னும் மூன்று கருவிகள் எஞ்சியுள்ளன. மூன்றும் நன்றாக ஓடுகின்றன. அவற்றை விற்கும் எண்ணம் இல்லை. நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் இருவர் மூவர் சேர்ந்து ஆடும் வீடு எதுவோ, அவ்வீட்டுக்குத் தர விரும்புகிறோம். வேண்டுவோர் விழா முடிந்தபின் புத்தக மேசையருகே வந்து சொல்லலாம். இரண்டிற்கு அடாப்டர் உண்டு. மூன்றாவது ஜப்பானிலிருந்து வந்தது. அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டு 230 வோல்ட்டில் அதை நேரே செருகினால் புகைந்துவிடும். அதற்கு வேறு அடாப்டர் வாங்க வேண்டும். வாங்குமுன் முள்ளின் உட்புறம் நேரா எதிரா என்று எங்களைக் கேட்டுக்கொண்டு போங்கள்.