கிணற்றுக்குத் திரும்பும் உயிர்

 

சமண அறம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வீடுபேற்றில் தொடங்கும். அல்லது கொல்லாமையின் உயர்வில் தொடங்கும். இன்றைய பேச்சு ஒரு துணியில் தொடங்குகிறது. வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் உள்ள சமண இல்லங்களில், தண்ணீர்க் குடத்தின் வாயில் கட்டப்பட்டு வந்த தடித்த பருத்தித் துணிதான் அது.

இரட்டையாய் மடித்த துணியில் வடித்த நீரே பருகுதற்குரியது என்பது விதி. அவ்வாறு வடித்த நீரும் இரண்டு நாழிகைப் பொழுது, அதாவது 48 நிமிடம் வரைதான் தகுதியுடையது. அதன்பின் மீண்டும் வடித்தாக வேண்டும். கொதிக்க வைத்த நீருக்கு 24 மணி நேரம் வரம்பு. இவ்வளவும் இவ்வவையில் பலரும் அறிந்தவையே. ஆயினும் இதனோடு இணைந்த இன்னொரு செயல் உண்டு. அறிந்தோரும் இன்று மறந்துவருவது அதனையே.

நீரை வடித்தபின் அத்துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீரையே அதன்மேல் மெல்ல ஊற்றி அலச வேண்டும். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் அந்த அலசுநீரோடு இறங்கும். அந்நீரை எந்தக் கிணற்றிலிருந்து முகந்தனரோ அதே கிணற்றில் விட வேண்டும். ஒரு நீரில் பிறந்த உயிர் வேறொரு நீரில் வாழாது என்பதே அதற்குக் காரணம். அதையும் மேலிருந்து கொட்டிவிடலாகாது. விழும் வேகத்திலேயே அவை மடியும். அடியில் வளையம் பொருத்திய சிறு வாளியை நீர்மட்டம் வரை இறக்கி, நீரைத் தொட்ட பின்னரே அதைக் கவிழச் செய்யும் வழக்கத்தைப் பெரியோர் கைக்கொண்டிருந்தனர்.

நீரை வடிப்பது உடல்நலத்திற்கும் உதவும். ஆதலால் எந்த நெறியைச் சார்ந்தவரும் அதனைச் செய்வர். வடித்ததைத் திருப்பி விடுவதால் வடித்தவர்க்கு ஊதியம் எதுவும் இல்லை. அறம் குடிகொண்டிருப்பது இந்த இரண்டாம் செயலில்தான். வடிகட்டும் எந்திரங்களை இன்று வீடுதோறும் மாட்டிச் செல்வோர், உள்ளே சிக்கியது எங்கே போயிற்று என்று கேட்பதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை.

தமிழ் இலக்கியத்தில் இந்த நுண்ணிய அக்கறையைக் காண விழைவோர் கவுந்தியடிகளிடம் செல்ல வேண்டும். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் அடிகள், காவிரிக் கரை வழியின் இடர்களை நாடுகாண் காதையில் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் மூடிக் கிடக்கும், கால் இடறும். இது நடப்பவர்க்கு நேரும் இடர். வயல்வழியைப் பற்றிச் சொல்லும்போது பேச்சு திரும்புகிறது. அங்கே நண்டும் நத்தையும் ஊரும்; பாராது வைத்த அடியினால் அவற்றிற்கு நேரும் துன்பம் தாங்க முடியாதது என்கிறார். வழிநடைத் துன்பத்தைப் பட்டியலிடுகையில் மிதிபடும் உயிரின் துன்பத்தையும் அதே வரிசையில் சேர்த்துச் சொல்லும் துறவியை வேறெந்தக் காப்பியத்தில் காண்பது? சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்திலும் ஒரு குளம் தீட்டப்பட்டுள்ளது. மீனும் பறவையும் எருமையும் யானையும் தாமரை கொய்யும் பவ்வியரும் அங்கே ஒரே நீரில் உள்ளனர்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும், எழ வேண்டும். கவுந்தியடிகள் துறவி. தமிழ்ச் சமணரோ பெரும்பாலும் உழவர். வடநாட்டுச் சமணர் போல வணிகத்தை முதன்மையாகக் கொண்டவர் அல்லர். நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைவித்தவர். ஏர் முனையில் எத்தனை புழு மடிகிறது, அண்டை கழிக்கையில் எத்தனை நண்டு சிதைகிறது என்று கணக்கிட்டால் உழவன் எவ்வாறு சாவகன் ஆவான்? வெளியார் இவ்வினாவை ஏளனமாகக் கேட்டதுண்டு. வீட்டுப் பிள்ளைகள் உண்மையாகவே கேட்கின்றனர். ஏளனத்திற்கு மறுமொழி தேவையில்லை. பிள்ளைகளுக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும்.

ஆகமம் ஹிம்சையை நான்காகப் பகுக்கிறது: கொல்ல வேண்டும் என்றே எண்ணிச் செய்வது, இல்லறப் பணியில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தான் முற்றாக விடவேண்டியது முதலாவதை. ஏனையவற்றை இயன்றவரை குறைத்துக் கொள்ளல் வேண்டும். வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழிலையும் மக்கட்குக் கற்பித்தவர் ஆதிபகவனாகிய இருஷபதேவரே என்பதும் மரபு. உழவைக் கற்பித்தவரே துறவையும் காட்டினார். ஆகவே வயலை விட்டு ஓடுவது தமிழ்ச் சமணரின் வழியாக இருந்ததில்லை. வயலில் நின்றுகொண்டே கண்ணைத் திறந்து வைத்திருப்பதே வழியாக இருந்தது.

கல்வெட்டுகளும் இதற்குச் சான்று தருகின்றன. போளூரை அடுத்த திருமலையில், நேமிநாதர் நெடிய திருவுருவாய் நிற்கும் அம்மலையில், முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. குணவீர மாமுனிவர் என்பவர் கணிசேகர மருபொற்சூரியன் என்னும் பெயரால் கலிங்கு ஒன்று அமைத்த செய்தியை அது சொல்கிறது. கமண்டல நீரையும் வடித்துக்கொள்ளும் முனிவர், ஏரி நிரம்பி வழியும் மிகைநீருக்கு வழி அமைத்திருக்கிறார். ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தி அடிகள் என்னும் பெண்துறவி கிணறு ஒன்று தோண்டுவித்ததைப் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு கூறுகிறது. தமிழ்ச் சமணம் நீருக்கு அஞ்சி ஒதுங்கவில்லை. ஏரிக்கரையிலும் கிணற்றடியிலும் வாழ்ந்தது. தீர்த்தங்கரர்தம் இலாஞ்சனைகளிலும் நீர்வாழ்வன எத்தனை! புஷ்பதந்தருக்கு முதலை, அரநாதருக்கு மீன், முனிசுவிரதருக்கு ஆமை, நேமிநாதருக்குச் சங்கு.

இனி இன்றைய நிலை. திறந்த கிணறுகள் வற்றின, பல தூர்க்கப்பட்டன. ஆழ்துளைக் கிணறு வந்தது. அதன் நீரை வடிக்கலாம். ஆனால் வடித்த துணியின் அலசுநீரை அக்குழாய்க்குள் திருப்பி அனுப்ப வழியில்லை. அறத்தின் பாதி அங்கேயே அறுந்து போயிற்று. சென்னையிலும் பிற நகரங்களிலும் வாழ்வோர்க்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது. கேன் வாயிலில் இறங்குகிறது, அவ்வளவே. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பிழைப்பு அங்கே இருக்கிறது. எனினும் திகம்பர முனிவர் விகாரமாக ஊருக்கு எழுந்தருளும்போது இந்தக் குறை வெளிப்பட்டு நிற்கும். நாளுக்கு ஒருமுறை, நின்றவாறு, கையேந்தி ஏற்கும் ஆகாரத்தோடுதான் அவர்கள் நீரும் பருகுவர்; அந்நீர் திறந்த கிணற்று நீராக இருத்தல் வேண்டும் என்பதில் பலர் உறுதியாக உள்ளனர். அப்போதுதான் ஊரார் குடத்தோடு கிணறு தேடுகின்றனர்.

வந்தவாசிப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் அண்மையில் நடந்தது இது. எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வாழ்கிறார். மக்கள் இருவரும் நகரங்களில் உள்ளனர். கொல்லைக் கிணறு கோடையில் வற்றுகிறது, சுற்றுச்சுவரும் இடிந்துவிட்டது, பேரப்பிள்ளைகள் வந்தால் அச்சமாக இருக்கிறது என்று கூறி, அதனைத் தூர்த்துவிட்டு இரண்டு அறை கட்ட மக்கள் முடிவு செய்தனர். மண் கொண்டுவர லாரிக்கும் சொல்லியாயிற்று. மூதாட்டி மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கெணத்த மூடிட்டா, வடிகட்டின துணிய எங்கப்பா அலசி விடறது?"

"அதான் கேன் தண்ணி வருதேம்மா. வடிகட்டவே வேணாமே."

"அந்தத் தண்ணியில இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

மூத்த மகன் மறுமொழி சொல்லவில்லை. அவர் அந்த ஊர் ஜினாலயத்தில் சிறுவயதில் அருங்கலச்செப்பு பாடம் கேட்டவர். அடுத்த திங்களில் முனிவர் வருகை உறுதியாயிற்று. ஊரில் இருந்த திறந்த கிணறுகளில் நீர் தங்கியிருந்தது அந்தக் கொல்லைக் கிணறு ஒன்றே. அதுவும் அடியில் சிறிதளவே. இளைஞர் சிலர் இறங்கித் தூர் வாரினர். உடைந்த குடமும் நத்தை ஓடும் சேறுமாக இரண்டு நாள் அள்ளினர். ஊற்று மெல்லக் கசிந்தது. முனிவர் மூன்று நாள் தங்கிச் சென்றார்.

அறைகள் கட்டும் எண்ணத்தை இளைய மகன் இன்னும் கைவிடவில்லை. இடம் வேண்டும் என்பதில் அவருக்கும் நியாயம் உண்டு. மூத்தவர் சுற்றுச்சுவரை எழுப்பி மேலே கம்பி வலை போட்டிருக்கிறார். வலையில் ஒரு வாளி நுழையும் அளவுக்குத் திறப்பு விட்டிருக்கிறார். நீர்மட்டம் முன்னிலும் ஆழத்தில் இருப்பதால் பழைய கயிறு எட்டவில்லை. மூதாட்டி அதனோடு பிளாஸ்டிக் கயிறு ஒன்றை முடிந்து நீளமாக்கிக்கொண்டு, நாள்தோறும் காலையில் அந்தச் சிறு வாளியை இறக்குகிறார்.