மலடு என்று சொல்லும் முன்



தங்காக் என்றதும் துணிக்கடைகளும் லெடாங் மலையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் பட்டணத்தைச் சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் இருக்கின்றன. தோட்டம் என்றால் மாடும் உண்டு. பால்மரம் சீவிவிட்டு வந்து மாட்டைக் கவனித்தவர்கள் நம் முன்னோர். இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல்களுக்கு, மலேசியக் கால்நடைத் துறையினர் ‘உள்ளூர் இந்தியப் பால்மாடு’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

அப்படி நாலைந்து மாடுகள் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பசு கன்று ஈன்று ஆறு மாதமாகிறது. இன்னும் பருவத்துக்கு வரவில்லை. பாலும் குறைந்துகொண்டே போகிறது. “மலடாகிவிட்டது, தள்ளிவிடு” என்கிறார் தெரிந்தவர். மறுவாரம் லோரி வந்து வாசலில் நிற்கிறது. மூன்று ஈற்றுப் பால் கொடுத்த பசு இறைச்சி விலைக்குப் போகிறது. அந்தப் பசு உண்மையிலேயே மலடுதானா?

இதற்கு விடை அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. பசுவுக்கு இரண்டு சினைப்பைகள். அவற்றில் நீர் கோத்த சின்னஞ்சிறு கொப்புளங்கள் தோன்றும். ஒவ்வொரு கொப்புளத்துக்குள்ளும் ஒரு முட்டை. இவற்றை 1672-ஆம் ஆண்டில் விரிவாக எழுதியவர் டச்சு மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப். கொப்புளத்தையே முட்டை என்று அவர் எண்ணினார். உள்ளே இருக்கும் உண்மையான முட்டையைக் கண்டறிந்து 1827-இல் அறிவித்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர்.

பசுவுக்கு 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும் என்பது மாடு வளர்ப்போர் அறிந்ததே. ஆனால், அந்த 21 நாளும் சினைப்பை சும்மா இருப்பதில்லை. 1980-களில் ஒலியலைக் கருவி கொண்டு நாள்தோறும் பார்த்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. கொப்புளங்கள் அலை அலையாக எழுகின்றன. ஒரு சுற்றில் இரண்டு அலை, சில பசுக்களில் மூன்று அலை. ஒவ்வோர் அலையிலும் பல கொப்புளங்கள் ஒன்றாகக் கிளம்பும். ஏறக்குறைய எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் அளவை எட்டும்போது அவற்றில் ஒன்று முந்திக்கொள்ளும். மற்றவை வாடிப்போகும்.

முந்திய கொப்புளமும் உடனே வெடித்து முட்டையை விடுவதில்லை. சென்ற முறை முட்டை வெளியேறிய இடத்தில் ஒரு மஞ்சள் திட்டு உண்டாகியிருக்கும். அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ‘பொறு, பொறு’ என்று தடுக்கும். முந்திய கொப்புளமும் அழிந்து, அடுத்த அலை எழும். பசு சினையாகவில்லை என்றால், ஏறத்தாழ 17-ஆம் நாள் கருப்பையே ஒரு சுரப்பை அனுப்பி அந்த மஞ்சள் திட்டைக் கரைத்துவிடும். அப்போது முன்னணியில் நிற்கும் கொப்புளத்துக்குத்தான் யோகம். அது பெருக்கும் ஈஸ்ட்ரோஜென்தான் பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவருகிறது.

இனி ஆறு மாதப் பசுவுக்கு வருவோம். நன்றாகத் தீனி உண்ட பசுவில், கன்று ஈன்ற ஒன்றிரண்டு வாரங்களிலேயே கொப்புள அலை மீண்டும் தொடங்கிவிடும். ஆகவே பருவம் தெரியவில்லை என்றால் இரண்டு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது, பசு பருவத்துக்கு வந்தது. மனிதர் கண்ணில் படவில்லை. நம் நாட்டு வெயிலில் பருவக் குறிகள் இரவிலும் விடியற்காலையிலுமே மிகுதி. இந்திய இன மாடுகளில் அது பத்து மணி நேரம்போல் இருந்து அடங்கிவிடும். ஒரே மாடு தனியாகக் கட்டிக் கிடந்தால், அதன்மேல் தாவ இன்னொரு மாடு இல்லை. தாவும்போது விலகாமல் நிற்பதே மிகத் திட்டமான அடையாளம். கண்ணாடிபோல் வழியும் சளியைத்தான் அங்கே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கொப்புளம் எழுகிறது. முட்டை வெளியேற உடலில் வலுவில்லை. பாலுக்கும் கன்றுக்கும் கொடுத்துவிட்டு உடம்பு கரைந்த பசுவின் மூளை, முட்டையை வெளியேற்றும் சுரப்பைப் போதுமான அளவு அனுப்புவதில்லை. கன்று எந்நேரமும் மடியை முட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். செம்பனை மரங்கள் வளர்ந்து நிழல் மூடிய தோட்டத்தில் புல் குறைந்துவிடும். மாடு நாளெல்லாம் மேய்ந்தாலும் வயிறு நிறையுமே தவிர உடம்பு தேறாது.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. இன்று வெடிக்கும் கொப்புளம் நேற்று முளைத்ததன்று. அது வளர்ந்து முதிரப் பல மாதங்கள் ஆகின்றன. ஈன்ற புதிதில் பட்டினி கிடந்தபோது வளரத் தொடங்கிய கொப்புளம், இரண்டு மூன்று மாதம் கழித்து நலிந்த முட்டையைத் தரக்கூடும் என்று அமெரிக்க அறிஞர் ஜாக் பிரிட் 1990-களின் தொடக்கத்தில் கருத்துரைத்தார். ஆகவே ஒரு வாரம் நல்ல தீனி போட்டுவிட்டு, ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று கைவிடுவது அவசரம். கவனிப்பு ஈனும் முன்பே தொடங்க வேண்டும்.

இந்த இரண்டில் எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கால்நடை மருத்துவர் கைவிட்டுச் சோதித்தாலோ ஒலியலைக் கருவி வைத்தாலோ தெரிந்துவிடும். மஞ்சள் திட்டு இருந்தால் பசு சுற்றில்தான் இருக்கிறது. உரிமையாளர்தான் கவனிக்கத் தவறியிருக்கிறார். சினைப்பை சிறுத்து வழவழவென்று இருந்தால் அது உறங்குகிறது. எழுப்பத் தீனி வேண்டும். சில வேளை பசு ஏற்கெனவே சினையாக இருப்பதும் உண்டு! சினைப்பசுவை விற்றவர்களும் இருக்கிறார்கள்.

ஊசி போட்டால் சரியாகாதா என்று கேட்கலாம். பருவத்தை வரவழைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி, மஞ்சள் திட்டு இருந்தால்தான் வேலை செய்யும். சினைப்பசுவுக்குப் போட்டால் கரு கலைந்துவிடலாம். முட்டை வெளியேறும் நேரத்தையே குறித்து வைக்கும் ‘ஓவ்சிங்க்’ முறை 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து வெளிவந்தது. இவையெல்லாம் மருத்துவர் கையில் நல்ல கருவிகள். ஆனால், எலும்பும் தோலுமான பசுவுக்கு எந்த ஊசியும் தீவனமாகாது.

செலவில்லாமல் செய்யக்கூடியவை சில. ஈன்ற தேதியையும் பருவம் கண்ட தேதியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். 18-ஆம் நாளிலிருந்து விடியலிலும் இரவு படுக்கும் முன்பும் கால் மணி நேரம் தொழுவத்தில் நில்லுங்கள். காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடச் சொல்லுங்கள். கன்றைக் குறித்த நேரத்தில் மட்டும் ஊட்ட விடுங்கள். விலா எலும்பு எண்ணும்படி தெரிந்தால் தீனியைக் கூட்டுங்கள். செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு நம் நாட்டிலேயே கிடைக்கிறது. ஆனால், அதையே மிகுதியாகக் கொடுத்தால் செம்மறி ஆட்டுக்குச் செம்புச் சத்து நஞ்சாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜொகூரில் குளுவாங்கிலேயே மார்டி நிலையமும் கால்நடைப் பயிற்சிக் கழகமும் இருக்கின்றன. தங்காக் வட்டாரத்தில் உள்ளவர்கள் கால்நடை மருத்துவச் சேவைத் துறையை அணுகிக் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் எதற்கு?

உண்மையிலேயே மலடான பசுவும் உண்டு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் சோதித்துப் பார்த்த மருத்துவர். தெரிந்தவரோ லோரிக்காரரோ அல்லர். சோதனைக்கு ஆகும் செலவு சிறிது. விற்ற பசுவைத் திரும்ப வாங்க ஆகும் செலவு பெரிது. பால் கொடுத்து வீட்டைத் தாங்கிய பசுவுக்கு, ஏற்றி அனுப்பும் முன் ஒரு சோதனையாவது செய்து பார்ப்பது நம் கடமையல்லவா?