கறாராகப் பேசலாம், கண்துடைப்புக்குப் பேசக் கூடாது

ஊதிய ஒப்பந்தப் பேச்சுல அடிக்கடி அடிபடுற ஒரு வார்த்தை ‘நல்லெண்ணம்’. கறாரா நின்னாலே நல்லெண்ணம் இல்லைன்னு ஆயிடுமா? அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகளைப் பார்ப்போம்.

முதல் வழக்கு, ப்ரூடென்ஷியல் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளோடது. 1956-ல பேச்சு நடந்துட்டிருக்கும்போதே அவங்க ஆபீசுக்கு லேட்டா வந்தாங்க, கொஞ்ச நாள் புது பாலிசி பிடிக்க மாட்டோம்னாங்க, துண்டறிக்கை கொடுத்தாங்க. ‘இது நல்லெண்ணம் இல்லை’ன்னு தொழிலாளர் உறவு வாரியம் முடிவு செய்தது. ஆனால் 1960-ல உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஏற்கவில்லை. சங்கம் உடன்பாடு காணும் விருப்பத்தோடுதான் மேஜையில் உட்கார்ந்திருக்கு. வெளியே கொடுக்கும் நெருக்கடியை மட்டும் வைத்து நல்லெண்ணம் இல்லைன்னு சொல்ல முடியாது என்றது.

இரண்டாவது, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி. 1946 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, லெமுவல் போல்வேர் என்ற அதிகாரி ஒரு முறையைக் கொண்டுவந்தார். தொழிலாளிக்கு என்ன வேணும்னு கம்பெனியே ஆராய்ந்து ஒரு தொகுப்பைத் தயார் பண்ணும். ‘இதுதான் நியாயமானது, இதில் மாற்றம் இல்லை’ன்னு தொழிலாளர்களிடம் நேரடியாகப் பெரிய அளவில் பிரசாரம் செய்யும். கூச்சல் கிடையாது, மிரட்டல் கிடையாது. ஆனால் 1960 பேச்சுவார்த்தையில் கம்பெனி நல்லெண்ணத்தோடு நடக்கவில்லைன்னு வாரியம் 1964-ல சொன்னது; 1969-ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஏன்? விட்டுக்கொடுக்காதது குற்றமில்லை. யாரும் விட்டுக்கொடுத்தே ஆகணும்னு கட்டாயமில்லைன்னு 1947 சட்டத் திருத்தமே சொல்லுது. ஆனால் ஜெனரல் எலக்ட்ரிக், சங்கம் கேட்ட விவரங்களைக் கொடுக்காமல் இழுத்தது. சங்கத் தலைமையைத் தாண்டி கிளைகளோடு பேசப் பார்த்தது. மாற மாட்டோம்னு ஊருக்கே சொல்லிட்டதால, மாற நினைத்தாலும் மாற முடியாத இடத்தில் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. இதையெல்லாம் சேர்த்துத்தான் நீதிமன்றம் பார்த்தது.

அதாவது, கடுமையா நடந்தவங்க தப்பிச்சாங்க. மரியாதையா பேசினவங்க மாட்டினாங்க. ஆகவே எதிரே இருப்பவரின் குரலை அளவுகோலாக வைக்காதீங்க. கணக்கைக் கேளுங்க, காரணத்தைக் கேளுங்க. நாம சொல்ற ஒரு புது விஷயத்தால் அவங்க பதில் மாற வாய்ப்பிருக்கான்னு பாருங்க. இருந்தால் அது பேச்சுவார்த்தை. இல்லைன்னா வெறும் கண்துடைப்பு.

அதே கேள்வியை நம்ம பக்கமும் கேட்டுக்கணும். ‘ஒரு ரூபாய் குறைஞ்சாலும் கையெழுத்து போட மாட்டோம்’னு கேட் மீட்டிங்கில் சத்தியம் பண்ணிட்டு உள்ளே போற தலைவரும், போல்வேர் செய்ததைத்தான் செய்கிறார்.