வேலைத்தல உரிமையும் 21 நாள் கெடுவும்

(தமிழ்பேசும் ஊழியர்களுக்கான தகவல் அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரை)



அவுஸ்திரேலியாவுக்கு வந்துசேரும் தமிழர் பலர் தமது முதல் வேலையைத் தெரிந்தவர் வழியாகவே பெறுகின்றனர். ஊரவர் ஒருவரின் உணவகம், உறவினரின் பலசரக்குக் கடை, நண்பர் எடுத்து நடத்தும் துப்புரவு ஒப்பந்தம் என அவ்வழி அமைகிறது. இத்தகைய வேலைகளில் வாய்ச்சொல்லே போதும் என்று இரு தரப்பினரும் எண்ணிவிடுவதுண்டு. வேலை சுமுகமாக நடக்கும்வரை அதனால் இடர் தோன்றுவதில்லை. பிணக்கு எழும் நாளில்தான் எத்தனை மணிநேரம் வேலை நடந்தது, எவ்வளவு தரப்பட்டது என்பவை கேள்விக்குள்ளாகின்றன. அந்நாளில் ஊழியருக்குத் துணை நிற்பவை கையிலுள்ள ஆதாரமும், கெடு முடியுமுன் எடுக்கப்படும் நடவடிக்கையுமே.

2009ஆம் ஆண்டின் ஃபெயார் வேர்க் சட்டம் பெரும்பாலான ஊழியர்களுக்குப் பொருந்துகிறது. முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 4 வாரச் சம்பளத்துடனான விடுமுறையும், தமது நோய்க்காகவோ குடும்பத்தினரைப் பராமரிப்பதற்காகவோ 10 நாள் சம்பளத்துடனான விடுப்பும் உண்டு. பகுதிநேர ஊழியருக்கு இவை வேலைநேரத்திற்கு ஏற்பக் கணக்கிடப்படும். இச்சட்டம் வகுத்த குறைந்தபட்ச உரிமைகளை எந்த உடன்பாட்டாலும் குறைத்துவிட முடியாது. 'குறைந்த சம்பளத்திற்குச் சம்மதித்தே வேலைக்கு வந்தார்' என்னும் வாதம் சட்டத்தின் முன் எடுபடாது.

'கசுவல்' ஊழியருக்கு இவ்விரு விடுப்புகளும் இல்லை. அதற்கு ஈடாக அவரது மணிநேரச் சம்பளத்துடன் பொதுவாக 25 சதவீதம் கூடுதலாகச் சேர்க்கப்பட வேண்டும். அக்கூடுதல் தொகையும் இன்றி, விடுப்பும் இன்றி ஒருவர் வேலை செய்வாராயின் அவருக்குரிய ஊதியம் குறைத்துக் கொடுக்கப்படுகிறது என்றே பொருள். குடும்ப வன்முறைக்கு உள்ளானவருக்குரிய 10 நாள் சம்பளத்துடனான விடுப்பு கசுவல் ஊழியருக்கும் உரியது.

சம்பளத்தைக் கையில் காசாகத் தருவது தன்னளவில் சட்டவிரோதமன்று. ஆயினும் சம்பளம் வழங்கி ஒரு வேலைநாளுக்குள் சம்பளச் சீட்டுத் தரப்பட்டாக வேண்டும். வேலைநேரம், ஊதியம் முதலியவற்றின் பதிவேடுகளை முதலாளி 7 ஆண்டுகள் பேண வேண்டும். அவர் அவ்வாறு பேணாமலும் சீட்டுத் தராமலும் இருந்து வழக்கு எழுமாயின், ஊழியரின் கோரிக்கை தவறு என்று நிறுவும் பொறுப்பு பொதுவாக முதலாளியையே சாரும். எனவே தொடங்கிய நேரம், முடித்த நேரம், பெற்ற தொகை ஆகியவற்றை அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது பெரும்பயன் தரும். வேலைமுறை அறிவிக்கும் கைத்தொலைபேசிச் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருப்பது நன்று.

சம்பளத்திற்கு மேலாக, சாதாரண வேலைநேரத்துக்குரிய ஊதியத்தில் 12 சதவீதம் ஊழியரின் சூப்பரனுவேஷன் கணக்கிற்குச் செலுத்தப்பட வேண்டும். 2025 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள வீதம் இது. தற்காலிக விசாவில் உள்ளோருக்கும் இவ்வுரிமை உண்டு. சீட்டில் அச்சிடப்பட்ட தொகை கணக்கில் உண்மையாகவே சேர்ந்துள்ளதா என்பதை ஊழியரே அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். சேரவில்லையெனில் அவுஸ்திரேலிய வரித் திணைக்களத்திடம் முறையிடலாம்.

விசா குறித்த அச்சத்தால் வாய்மூடி இருப்போர் உளர். விசா நிலை எதுவாயினும் வேலைத்தல உரிமைகள் மாறுவதில்லை. விசாவைக் காட்டி மிரட்டி ஊழியரைச் சுரண்டுவது 2024 யூலை 1 முதல் குற்றமாகும்.

இனிக் கெடுவைப் பற்றி. உணவகச் சமையலறையில் மூன்றாண்டுகள் வேலை செய்த ஒருவரைக் கருதிப் பார்க்கலாம். விடுமுறை கேட்டதற்காக அவர் நிறுத்தப்படுகிறார். முதலாளி தெரிந்தவர் என்பதால் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று காத்திருக்கிறார். இரண்டு மாதம் கழிகிறது, தீர்வு வரவில்லை. அதன் பின்னரே சட்ட ஆலோசனை தேடுகிறார்.

நியாயமற்ற வேலைநீக்கத்திற்கு எதிரான விண்ணப்பம், வேலைநீக்கம் நடைமுறைக்கு வந்து 21 நாள்களுக்குள் ஃபெயார் வேர்க் ஆணைக்குழுவைச் சென்றடைய வேண்டும். உரிமையைக் கேட்டதற்காக நீக்கப்பட்டவரின் விண்ணப்பத்திற்கும் அதே கெடுவே. விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே அது நீட்டிக்கப்படும். கெடுவை அறியாதிருந்தமை பொதுவாக அத்தகைய சூழ்நிலையாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே அந்தச் சமையலாளருக்கு அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. எனினும் குறைத்துத் தரப்பட்ட சம்பளத்தையும், எடுக்காமல் எஞ்சிய ஆண்டு விடுமுறைக்கான பணத்தையும் அவர் இன்னமும் கோரலாம். அதற்கான காலவரையறை 6 ஆண்டுகள்.

பேசித் தீர்ப்பது நல்லதே. விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டும் பேசலாம். உடன்பாடு எட்டியபின் அதனை மீளப் பெறலாம். ஆணைக்குழுவும் பொதுவாக முதலில் இணக்கப் பேச்சுக்கே வழிசெய்கிறது. விண்ணப்பத்திற்குக் கட்டணம் உண்டு; நிதி நெருக்கடியில் உள்ளோர் விலக்குக் கோரலாம். நியாயமற்ற வேலைநீக்க முறைப்பாட்டிற்குக் குறைந்தது 6 மாதச் சேவை தேவை. 15 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனமாயின் 12 மாதம். உரிமையைக் கேட்டதற்காக நீக்கப்பட்டவருக்கு இச்சேவைக்கால நிபந்தனை இல்லை.

சம்பளம், விடுப்பு பற்றிய ஐயங்களுக்கு ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தை 13 13 94 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் முதலில் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் வழியாக அவ்வலுவலகத்துடன் பேசலாம். சமூகச் சட்ட மையங்கள் இலவச ஆலோசனை வழங்குகின்றன. வேலை இழந்தவர் எவராயினும், நிறுத்தப்பட்ட திகதியை முதலில் குறித்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே ஆலோசனை பெறுவாராக.