முதுகுச் சுமையோடு மூன்று நாள்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



1981 இல் உயர்தரப் பரீட்சை எழுதிய வகுப்பினர் நாங்கள். எங்களில் ஏழு பேர் சென்ற ஆண்டு முதுகுப்பை மாட்டிக்கொண்டு கண்டியிலிருந்து மலைவழியே நடந்தோம். அந்தக் கதையைச் சொல்லும்படி சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

1983க்குப் பிறகு நாங்கள் திசைக்கொருவராகச் சிதறிப் போனோம். ரொறன்ரோவில் ஒருத்தி, லண்டனில் ஒருத்தி, மெல்பேர்னில் ஒருத்தி, கொழும்பில் இருவர், கண்டியில் ஒருத்தி. ஏழாமவள் மட்டும் தான் பிறந்த கலஹாப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு அசையவில்லை. எங்கள் பிள்ளைகள் தாய்லாந்திலும் வியட்நாமிலும் கூட்டாளிகளோடு முதுகுப்பை தூக்கி அலைந்த படங்களை அனுப்புவார்கள். அந்த வயதில் எங்களுக்கு வாய்த்தது ஊரடங்குச் சட்டமும் விசாவுக்கான வரிசையும்தான். அதனால் அறுபது தாண்டியதும் ஒரு வீம்பு வந்தது. “நாமும் ஒருமுறை நடப்போம், நம் ஊரிலேயே நடப்போம்” என்று முடிவெடுத்தோம்.

வழி தயாராக இருந்தது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை 300 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம் உடையது. தேயிலை ஏற்றிய பழைய வண்டிப் பாதைகளையும் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளையும் இணைத்து, 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நாங்கள் நடந்தது முதல் இரண்டு பகுதிகள்தான். எங்கள் முழங்கால்களுக்கு அதுவே அதிகம்!

1925 இல் கட்டிய தொழிற்சாலையில் இன்று தேயிலை நூதனசாலை இருக்கிறது. காலையில் அதன் வாசலிலிருந்து புறப்பட்டோம். பைகளில் மழைக்கோட்டு, மாற்றுடை, மாத்திரைகள், அட்டைக்குப் பூசச் சவர்க்காரம். ஒரு மணி நேரத்துக்குள் பேச்சு குறைந்தது, மூச்சு பெருத்தது. முன்னால் போன ஏழாமவள் மட்டும் கையை வீசிக்கொண்டு நடந்தாள். “பாத்து வாங்கடி, வழுக்கும்” என்று திரும்பித் திரும்பிச் சொன்னாள்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. கலஹாவைத் தாண்டி அவளுடைய தோட்டத்துக்கு ஏறும் பாதையில் எல்லோர் உடையும் முழங்கால்வரை சேறு. அந்த இடத்தில் அவள் நின்று, “இந்த வழியிலதான் விடியக்காலம் இறங்கி முதல் பஸ் பிடிப்பேன்” என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எங்களுக்குத்தான் தொண்டை அடைத்தது.

சகோதரிகளே, இதைச் சொல்லத்தான் இங்கே வந்தோம். எங்கள் வகுப்பில் காலையில் ஈரப் பாவாடையும் மண் படிந்த சப்பாத்துமாக வந்து உட்கார்ந்தவள் அவள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுப் பிறந்தநாள்களுக்கு அவளை அழைத்திருக்கிறோம். அவள் வீட்டுக்கு ஒருநாளும் போனதில்லை. கூப்பிடவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அவள் கூப்பிட்டிருந்தால் போயிருப்போமா? நேர்மையாகச் சொன்னால், தெரியவில்லை.

அன்றிரவு அவள் வீட்டில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். அவள் பிறந்த லயம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாகி, ஓய்வு பெற்று, அருகிலேயே சிறு வீடு கட்டியிருக்கிறாள். பழைய கதைகள் பேசினோம். அவளுடைய பாட்டனின் பாட்டன் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை மூட்டையைத் தலையில் சுமந்து நடந்து வந்தவராம். அந்த வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1948 இல் வந்த சட்டம் அவர்கள் வழிவந்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தின்படி அவளுடைய பெரியப்பா குடும்பம் கப்பலேறியது. 2023 இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள் அல்லவா? கடைசி நாளான ஓகஸ்ட் 12 அன்று அவளும் அதில் நடந்திருக்கிறாள். அந்தப் படத்தை வெளிநாட்டிலிருந்த நாங்கள் கைபேசியில் பார்த்து, விருப்பக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிட்டோம்.

மறுநாள் லூல்கந்துர வரை நடந்தோம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வணிகத்துக்காக முதன்முதல் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்த கல்லாசனத்தைக் காட்டுகிறார்கள். இரவு அங்கே தங்கி, மூன்றாம் நாள் வேனில் கண்டிக்கு இறங்கி, மஹியாவை மயானத்தில் அவருடைய கல்லறையைப் பார்த்தோம். 1892 இல் அவர் இறந்தபோது தோட்டத்து ஆட்கள் முறை வைத்து மாறி மாறி, கண்டி வரை சுமந்து வந்தார்கள் என்பார்கள். நாங்கள் பெருமூச்சு விட்டு நடந்த அதே மலைகளிலிருந்துதான் அவர்களும் இறங்கியிருக்க வேண்டும். கல்லில் டெய்லரின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. பள்ளிக் காலத்தில் அந்த மயானத்துப் பக்கம் எத்தனை தடவை போயிருப்போம்! ஒருமுறையாவது அவர்களை நினைத்திருப்போமா?

மூன்று நாளும் எங்கள் முதுகில் இருந்தது நாங்களாகத் தேர்ந்தெடுத்த சுமை. பாரமானால் இறக்கி வைக்கலாம், மறுநாள் வேனுக்குச் சொல்லலாம். அவளுடைய ஆட்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. இத்தனையும் தெரிந்துகொள்ள, கல்லூரியிலிருந்து ஒரு நாள் நடைதூரத்துக்குள் இருந்த வீட்டுக்கு எங்களுக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. விடைபெறும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்க முயன்றோம். அவள் விடவில்லை. “இப்பவாச்சும் வந்தீங்களே, அது போதும். அடுத்த தடவை ரெண்டு நாள் தங்கணும்” என்றாள்.

இந்த நூற்றாண்டு மலரைத் தூரதேசங்களில் இருந்து வாசிக்கப் போகும் சகோதரிகளுக்கும் சேர்த்து இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஹோட்டலில் கூடி விருந்துண்பதோடு நிற்காமல், நீங்கள் ஒருநாளும் போயிராத வகுப்புத் தோழியின் வீட்டுக்குப் போய் வாருங்கள். இரண்டாவது, தோட்டங்களிலிருந்து இன்றும் விடியுமுன் நடந்து வந்து பஸ் ஏறும் பிள்ளைகளின் போக்குவரத்துச் செலவுக்குச் சங்கம் ஒரு சிறு நிதி ஒதுக்க வேண்டும். எங்கள் ஏழு பேரின் முதல் பங்கை இன்று பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம். பணத்தை யாரிடம், எப்படிச் சேர்ப்பது என்று சொல்லித் தரும் பொறுப்பை ஏழாமவள் ஏற்றிருக்கிறாள். அவள் இதோ முன் வரிசையில் இருக்கிறாள். இன்று சப்பாத்தில் சேறு இல்லை!